பதின்மூன்று பங்கான எண்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவரைக் கூப்பிடும் பேர் ஒன்று. செக்ரோலில் விழும் பேர் மற்றொன்று. முழு நாள் வேலை செய்தவருக்கு ஒரு பேர். பாதி நாளோடு மலையை விட்டிறங்கியவருக்கு அரைப்பேர். மாத முடிவிற் பேர் எத்தனை என்பதை வைத்தே அரிசியும் கடனும் கணக்காகும். பின்னக் கணக்கைப் பள்ளிக்கூடத்திற் படிக்குமுன்னரே அரைப்பேரின் வாயிலாக அறிந்துகொண்ட பிள்ளைகள் இப்பகுதியிற் பலர்.

பேரே எண்ணாகிவிடும் இவ்வழக்கம் தோட்டத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. இலங்கைத் தோட்டங்களின் பேர்களிற் பெரும்பாலானவை ஒருமுறை ஒரே எண்ணுக்குள் அடக்கப்பட்டன. அவ்வெண் 975,000. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கொழுந்து கொய்தவரும், தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் விடியுமுன் எழுந்து றப்பர்ப் பால் வெட்டியவரும், நுவரெலியா, பதுளை, கண்டி முதலிய இடங்களிலே வாழ்ந்தவரும் அதனுள் அடக்கம். இக்கட்டுரையைப் படிக்கும் நேயர்களிற் பலருடைய பாட்டன் பாட்டியரும் அதிலே ஓர் ஒன்றாக இருந்திருப்பர். அவ்வெண்ணின் அரசியலைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் அதனைக் கணித மாணவர் பார்ப்பதுபோல, அதன் காரணிகளைப் பிரித்துப் பார்க்க விரும்புகின்றோம். அவ்வாறு பார்த்தால், ஒப்பந்தத்தின் சொற்கள் கூறாத சிலவற்றை எண் தானே கூறிவிடுகின்றது.

எண் பிறந்த கதை

இம்மக்கள் எந்நாட்டுக்கு உரியவர் என்னும் வினா சப்பிரகமுவ மலைகளிலே முன்னரே எழுந்துவிட்டது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை மக்கள் உருளவள்ளி என்பர். அத்தோட்டக் காணியைக் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தபோது, 1946இல் அது பெரும் வேலைநிறுத்தமாக மூண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்துக் காம்பராவிற் பிறந்த பாட்டனாருக்குப் பிறப்புப் பதிவு எங்கே தேடுவது?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியொன்றைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 134,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். எஞ்சியோர் எந்த நாட்டின் பேரேட்டிலும் இல்லாதவராயினர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுடில்லியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். நாடற்றவர் தொகை ஏறக்குறைய 975,000 என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என முடிவாயிற்று. பதினைந்து ஆண்டுகளிலே வேலை முடிய வேண்டும் என்பது திட்டம். தோட்ட மக்கள் சார்பிற் கையொப்பமிட்டவர் எவருமில்லை.

காரணிகள்

இனி எண்ணைக் கையில் எடுப்போம். 975,000 என்பது 975ஐ ஆயிரத்தாற் பெருக்கி வருவது. ஆயிரத்தின் காரணிகள் மூன்று 2களும் மூன்று 5களும். 975ஐ 5ஆல் இருமுறை வகுக்கலாம், 39 வரும், அது 3 × 13. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் முதன்மைக் காரணிகள் இவை: மூன்று 2, ஒரு 3, ஐந்து 5, ஒரு 13.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்று அறிய எளிய வழி உண்டு. ஒவ்வொரு முதன்மைக் காரணியும் வரும் தடவைகளோடு ஒன்றைக் கூட்டி, கூட்டியவற்றைப் பெருக்க வேண்டும். இங்கே 4 × 2 × 6 × 2; விடை 96. தொண்ணூற்றாறு வகையிற் சமமாகப் பங்கிடத்தக்க எண் இது. பங்குக் கணக்குக்கு வசதியான எண் இது.

பங்கிட்ட முறையையும் பார்ப்போம். 525,000, 300,000, 150,000 ஆகிய மூன்றுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. அதனால் வகுத்தால் முறையே 7, 4, 2 வரும். மொத்தம் 13. அதாவது, மக்களை 75,000 பேர் கொண்ட பதின்மூன்று கட்டுகளாகக் கட்டி, ஏழு கட்டை அக்கரைக்கும், நான்கு கட்டை இக்கரைக்கும் ஒதுக்கி, இரண்டு கட்டை நடுவில் வைத்தார்கள். கொழுந்தைக்கூட எந்தத் தோட்டத்திலும் இத்தனை நேர்த்தியாகப் பங்கிட்டதில்லை!

மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. 7, 11, 13 என்னும் மூன்று முதன்மை எண்களையும் பெருக்கினால் 1001 வரும். நமது கணக்கிலும் அம்மூன்றும் ஒளிந்திருக்கின்றன. இந்தியாவின் பங்கு 7. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து 11. யாவும் சேர்ந்து 13. 1001இலிருந்து இரண்டு பதின்மூன்றைக் கழித்தால் 975. ஆதலால் 975ஐ 13 வகுக்கும் என்பதை வகுத்துப் பாராமலே சொல்லிவிடலாம்.

ஒரு பிள்ளை கூடினால்

மக்களை ஒவ்வொருவராக எண்ணி வந்த தொகையொன்று மூன்று சுழியங்களில் முடிவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. அவ்வாறு முடிந்த தொகை பங்குகளின் விகிதத்துக்கும் இத்தனை இசைவாக அமைவது அதனிலும் அரிது. உண்மையில் இது உத்தேச மதிப்பு என்பதை உடன்பாடே ஒப்புக்கொண்டது. உத்தேசத்தில் தவறில்லை; பெருந்தொகையைச் சுற்றி முழுமையாக்கிச் சொல்வது எங்கும் உள்ளதே. ஆனால், உத்தேசமாகச் சொன்ன எண்ணை உயிருள்ள மனிதர்மீது அச்சொட்டாகப் பிரயோகிக்கும்போது என்ன நேர்கின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஒரு சிறு சோதனை செய்வோம். உடன்பாடு கையொப்பமான அன்றிரவு பெல்மதுளைப் பக்கத்து லயமொன்றிலே ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். தொகை 975,001 ஆகின்றது. இந்த எண்ணை 2 வகுக்காது, 3 வகுக்காது, 5, 7, 11, 13 எவையும் வகுக்கா. அதன் முதன்மைக் காரணிகள் 17, 83, 691. மீதியின்றி வகுக்கும் எண்கள் தொண்ணூற்றாறிலிருந்து எட்டாகச் சுருங்கிவிட்டன. ஒரேயொரு பிள்ளை! அப்பிள்ளையைத் தொட்டிலிற் கிடத்துமுன்னரே ஏழு, நான்கு, இரண்டு என்ற அழகிய பங்கு முறிந்துபோயிற்று.

உடன்படிக்கை எழுதியோர் இதனை அறியாதவரல்லர். இயற்கைப் பெருக்கமும் அந்தந்தப் பங்கோடு சேரும் என எழுதி வைத்தனர். எனினும் பதினைந்து ஆண்டு என்பது நீண்ட காலம். கணக்குக்காக, ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு வீதம் பெருகியதாகக் கொண்டால், 15ஆம் ஆண்டின் முடிவில் 975,000 ஏறக்குறைய 1,312,000 ஆகியிருக்கும். ஒரு கட்டு 75,000இலிருந்து 101,000 அளவுக்குப் பருத்திருக்கும். காகிதத்தில் இருந்த எண் அசையாது நிற்க, லயத்தில் இருந்த எண் நடந்துகொண்டேயிருந்தது.

ஏழுக்கு நான்கு

இவ்வுடன்பாட்டைச் செயற்படுத்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியப் பிரசாவுரிமை பெறும் ஒவ்வோர் எழுவருக்கும் இங்கே நால்வர் பிரசாவுரிமை பெறுவர் என்பது முறை. 1971இல் இது மேலும் இறுகிற்று: எழுவர் இந்தியப் பிரசாவுரிமை பெற்றாற் போதாது, கப்பலேறிச் செல்லவும் வேண்டும் என்றாயிற்று.

இதன் பொருளை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு லயத்தில் பதினொரு காம்பரா; காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஏழு குடும்பம் பெட்டி கட்டிப் புறப்பட்டால்தான் நான்கு குடும்பத்துக்கு இங்கே கதவு திறக்கும். ஒருவருடைய உரிமை அடுத்த காம்பராக்காரரின் பிரிவிலே தங்கியிருந்தது. 11 ஒரு முதன்மை எண். அதனை இரண்டாகவோ மூன்றாகவோ சமமாகப் பிரிக்க இயலாது. குடும்பமும் அத்தகையதே. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்து, தம்பி இலங்கைக்கு விண்ணப்பித்த வீடுகள் மலையகமெங்கும் இருந்தன. திருமணமான பெண் எந்தப் பங்கிற் சேருவாள் என்பது அவள் கணவனின் விண்ணப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

525,000ஐப் பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 35,000. நாளொன்றுக்கு ஏறக்குறைய 96 பேர். இந்த 96உம் நாம் முன்னர்க் கண்ட 96உம் ஒன்றாக வந்தது தற்செயலே. ஆண்டு முழுதும், ஞாயிறும் தைப்பொங்கலும் தீபாவளியும் விடாது, நாள்தோறும் 96 பேர் தலைமன்னாரில் இறங்கி இராமேசுவரத்துக்குக் கப்பலேற வேண்டும். மறுகரையில் மண்டபம் முகாம் அவர்களை ஏற்க வேண்டும். தாளிலே இது எளிய வகுத்தற் கணக்கு. ஆனால் சட்டம் வருவதற்கே மூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன என்பதை நேயர்கள் கவனிப்பாராக.

நடுவில் வைத்த இரண்டு கட்டும் 1974 சனவரியிலே பிரிக்கப்பட்டன. இம்முறை பேசியவர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும். ஆளுக்கு ஒரு கட்டு, அதாவது 75,000. பத்தாண்டுக்கு முன் பொதுக் காரணிகளுட் பெரியதாக மறைந்திருந்த எண், இப்போது உடன்படிக்கையின் வாசகத்திலேயே வெளிப்பட்டது. இவ்வாறு இந்தியாவின் பங்கு 600,000. இலங்கையின் பங்கு 375,000. விகிதம் 8க்கு 5.

5, 8, 13 என்பவை கணிதத்திலே புகழ்பெற்ற ஒரு வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும்: 1, 1, 2, 3, 5, 8, 13. மேல்நாட்டார் இதனைப் பிபொனாச்சியின் பெயரால் அழைப்பர். அவருக்கு முன்னரே, 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் யாப்பின் குறில் நெடில்களை எண்ணும்போது இதனைக் கண்டிருந்தார். பூவிதழ்களிலும் அன்னாசிப் பழத்தின் கண்களிலும் தென்படும் இவ்வரிசை, நாடற்றோரைப் பங்கிட்ட கணக்கிலும் தலைகாட்டியது வியப்பே. ஆயின், இது எவரும் எண்ணிச் செய்ததன்று. விகிதம் அழகாக இருந்தமையால் காம்பராவிற் கண்ணீர் குறைந்ததுமில்லை.

கணக்கு முறிந்த விதம்

பங்கிட்டவர்கள் கேளாத ஒன்றை விண்ணப்பப் படிவம் கேட்டது: உமக்கு எந்த நாடு வேண்டும்? 1970 ஏப்பிரில் முடிவோடு விண்ணப்பக் காலம் முடிந்தபோது, இலங்கையை வேண்டியோர் ஒதுக்கிய 300,000ஐ வெகுவாகத் தாண்டியிருந்தனர். இந்தியாவை வேண்டியோரோ ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. எண்ணின் விகிதம் ஒருபுறமும் மனிதரின் விருப்பம் மறுபுறமும் இழுத்தன.

பின்னர் வந்த ஆண்டுகள் விருப்பத்தையும் குலைத்தன. 1973, 1974 ஆண்டுகளிலே தோட்டங்களில் உணவுப் பஞ்சம். 1977இலும் 1981இலும் வன்செயல்கள். 1981 ஆகத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்களை விட்டு ஓடியோர் பலர். சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. நுவரெலியாவிற்போல மலைக்கு மலை தமிழர் செறிந்து வாழும் நிலை இங்கில்லை. ஆதலால் அச்சமும் இங்கே அதிகம். இலங்கையிலே தங்க விரும்பியிருந்தோர் சிலர் கப்பலை நாடியதும், வேறு சிலர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்ததும் இக்காலத்தவை.

1982இல் இந்தியா, உடன்படிக்கைகளின் காலம் முடிந்துவிட்டது என்றது. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இறுதியிற் கூட்டிப் பார்த்தபோது, இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் 506,000. அதாவது, ஒதுக்கிய 600,000இற்கு 94,000 குறைவு. அந்த 94,000 பேருக்கும் இலங்கையே பிரசாவுரிமை வழங்குவதென 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்றது. 375,000உம் 94,000உம் கூட்ட 469,000.

இந்தப் புதிய விகிதத்தை, 506க்கு 469ஐ, சுருக்க முடியுமா? கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் யூக்கிளிட் காட்டிய வழியிலே பார்ப்போம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 37. 469ஐ 37ஆல் வகுத்தால் மீதி 25. 37ஐ 25ஆல் வகுத்தால் மீதி 12. 25ஐ 12ஆல் வகுத்தால் மீதி 1. இறுதியில் 1 வந்துவிட்டால், இரண்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை என்பது பொருள். 506இன் காரணிகள் 2, 11, 23. 469இன் காரணிகள் 7, 67. மொத்தம் மட்டும் அதே 975. ஏழுக்கு நான்கு, எட்டுக்கு ஐந்து என்று நாவிற்கு எளிதாயிருந்த விகிதம், இருபத்திரண்டு ஆண்டு மனித வாழ்வினூடே வந்தபின், எதனாலும் சுருக்க இயலாததாயிற்று.

உள்ளபடி எண்ணிய எண் எவ்வாறிருக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் 818,656 பேர் என்றது. இதிலே பிரசாவுரிமை பெற்றவரும் பெறாதவரும் சேர்ந்துள்ளமையால் 975,000உடன் நேராக ஒப்பிடலாகாது. எண்ணின் உருவத்தை மட்டும் பார்ப்போம். அதனை 2 ஐந்து முறை வகுக்கும்; பின்னர் 25,583 நிற்கும். அது முதன்மை எண். அதற்குமேல் எவராலும் பங்கிட முடியாது. வீடுவீடாகச் சென்று எண்ணியவரின் கையிற் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய கரடுமுரடான எண்ணே. ஐயமுறும் மாணவர்கள் 159 வரையுள்ள முதன்மை எண்களால் 25,583ஐ வகுத்துப் பார்க்கட்டும்; ஒரு மாலைப்பொழுது போதும்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் மேலும் பலருக்கு வழிவிட்டது. ஆயினும், இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கப்பலின்றி நின்றோரும், எந்தப் பட்டியலிலும் விழாது போனோரும் எஞ்சினர். 2003 ஒக்டோபரிலே நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கானது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வமிசாவளியினர் எவரும், அவர்தம் வழித்தோன்றலும் பிரசாவுரிமைக்கு உரியவர் என்றது அது. உடன்பாடு கையொப்பமான அதே நாள், இப்போது உரிமையின் தொடக்க நாளாக எழுதப்பட்டது. இத்தனை பேருக்கு என்ற வரையறை அச்சட்டத்தில் இல்லை; விகிதமும் இல்லை.

அவ்வாண்டின் இறுதியிலே தோட்டங்கள்தோறும் முகாம் அமைத்து விண்ணப்பங்களைப் பெற்றபோது, சில நாட்களுக்குள் ஏறக்குறைய 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். பழைய கட்டுக் கணக்கிலே இதையும் இட்டுப் பார்த்தோம். 190,000ஐ 75,000ஆல் வகுக்க ஈவு 2, மீதி 40,000.